கதைமாந்தரின் பெயரும் கதையாசிரியரின் தீர்ப்பும்

புனைகதை எழுதுவோர் தம் கதைமாந்தர்க்குப் பெயர் சூட்டுவது சிறியதொரு செயலாகவே கருதப்பட்டு வருகிறது. கதைப்பின்னல், உரையாடல், உளப்போக்கு ஆகியவற்றைத் திறனாய்வாளர் விரித்துரைப்பர். பெயரைப்பற்றி ஒரு வரி எழுதிக் கடந்து செல்வர். ஆயினும் கதைமாந்தன் ஒருவன் எதையும் செய்யத் தொடங்குமுன்னரே வாசகன் அவன் பெயரைக் கேட்டுவிடுகிறான். நம் நாட்டில் ஒரு பெயர் அதனை உடையவனின் சமயத்தையும், பல வேளைகளில் சாதியையும், வட்டாரத்தையும், தலைமுறையையும் கூறிவிடுகிறது. எனவே ஆசிரியர் தம் மாந்தனைப்பற்றி வழங்கும் முதல் சாட்சியம் அவனுடைய பெயரே. அச்சாட்சியம் உண்மையானதா என்று கேட்பது இறையியல் பயில்வோர்க்கும் உரிய வினாவாகும்.

இவ்வினா எழுவதற்குக் காரணம் உண்டு. திருச்சபைப் பத்திரிகைகளில் வரும் சிறுகதைகள், கிறிஸ்து பிறப்பு விழாவில் நடிக்கப்பெறும் நாடகங்கள், அருளுரைகளில் எடுத்துக்காட்டாகக் கூறப்படும் கற்பனை நிகழ்ச்சிகள் ஆகிய மூன்றையும் கூர்ந்து நோக்குவோர் ஒரு வழக்கத்தைக் காணலாம். கண்ணீரோடு செபிக்கும் தாய் எஸ்தர். மனந்திரும்பும் இளைஞன் சாமுவேல். குடித்துவிட்டு மனைவியை அடிப்பவன் மாடசாமி. வட்டிக்குக் கொடுத்துக் கொழுப்பவர் ஒரு செட்டியார். வீட்டுவேலை செய்பவள் முனியம்மா. கதையின் முடிவில் மாடசாமி திருமுழுக்குப் பெற்று மோசே ஆகிறான். பின்பு அவன் குடிப்பதில்லை. இக்கதையை வாசிப்பவர் முதற்பத்தியிலேயே முடிவை அறிந்துகொள்கிறார். மாந்தர் செய்யும் செயல்கள் தீர்ப்பை உருவாக்குவதில்லை. பெயரிட்ட கணத்திலேயே எழுதப்பட்ட தீர்ப்பைச் செயல்கள் பின்தொடர்கின்றன.

இவ்வழக்கம் கலைக்குறை என்ற அளவில் மன்னிக்கத்தக்கதா, அன்றி நற்செய்திக்கே மாறானதா என்பதைத் திருமறையின் கதைகூறும் முறையோடும், நம் மொழியின் சில புனைகதைகளோடும் ஒப்பிட்டு ஆராய்வோம்.

1. பெயர் பெற்ற ஏழை

ஆண்டவர் கூறிய உவமைகளில் வரும் மாந்தர்க்குப் பெயர் இல்லை. விதைக்கிறவன், இரு குமாரரையுடைய தகப்பன், காணாமற்போன வெள்ளிக்காசைத் தேடும் பெண், அநீதியுள்ள நடுவன், அவனை விடாது நச்சரிக்கும் கைம்பெண் ஆகிய அனைவரும் தம் தொழிலாலோ உறவாலோ செயலாலோ அறியப்படுகின்றனர். இதற்கு விலக்கு ஒன்றே உண்டு. லூக்கா 16-ஆம் அதிகாரத்தில் செல்வனின் வாசலில் கிடந்த ஏழைக்கு லாசரு என்னும் பெயர் தரப்பட்டுள்ளது. எலெயாசர் என்னும் எபிரெயப் பெயரின் குறுகிய வடிவமாகிய இது, ‘கடவுள் துணைசெய்தார்’ என்று பொருள்படும். அவனுக்கு வேறு துணை இருந்ததாகக் கதை கூறவில்லை. அவன் புண்களை நக்கிய நாய்களையே குறிப்பிடுகிறது.

இவ்வுலகில் பெயர் பெற்றவன் செல்வனே. அவன் பெயரை ஊர் அறியும்; ஆவணங்கள் அறியும். வாசலில் கிடப்பவனை எவரும் பெயர் சொல்லி அழைப்பதில்லை. ஆண்டவர் இம்முறையைத் தலைகீழாக்குகிறார். உயர்ந்த ஆடை, நாள்தோறும் விருந்து, முறையான அடக்கம் ஆகிய அனைத்தும் பெற்றவனுக்குப் பெயர் இல்லை. ஒன்றுமில்லாதவனுக்கு அது இருக்கிறது.

இந்நிலையைப் பிற்காலத்தவர் தாங்கமாட்டாதவராயினர் என்பது கவனிக்கத்தக்கது. லத்தீன் மொழியில் ‘செல்வன்’ எனப் பொருள்படும் ‘தீவெஸ்’ என்னும் சொல் மேலைத் திருச்சபையில் அவனுடைய இயற்பெயர் போலவே வழங்கலாயிற்று. பாப்பிரஸ் 75 என்னும் தொன்மையான கிரேக்கக் கைப்படி அவனுக்கு ‘நெவெஸ்’ என்றொரு பெயரைச் சேர்க்கிறது. பெயரற்ற செல்வனை விட்டுவைக்க வாசகர்க்கு மனம் வரவில்லை போலும்.

இன்னும் ஒன்றை நோக்குக. வேதனையில் இருக்கும் செல்வன் ஆபிரகாமை நோக்கி, லாசருவை அனுப்பும்படி பெயர் சொல்லியே கேட்கிறான் (16:24). அப்படியாயின் வாசலில் கிடந்தவனின் பெயரை அவன் முன்னரே அறிந்திருந்தான்! அறியாமையால் உதவாமற்போனேன் என்று அவன் சொல்ல இயலாது. கதையின் கடுமையான குற்றச்சாட்டு ஒரு பெயரை வழங்கிய முறையிலேயே அடங்கியுள்ளது. செல்வனைத் தீயவன் என்று ஆண்டவர் ஓரிடத்திலும் அழைக்கவில்லை. இழிந்த பெயரொன்றை அவனுக்குச் சூட்டவும் இல்லை.

நல்ல சமாரியன் உவமையில் (லூக்கா 10) இயற்பெயர் இல்லை, இனப்பெயர் உண்டு. கேட்டுக்கொண்டிருந்த யூதர்க்குச் ‘சமாரியன்’ என்னும் சொல்லே ஒரு தீர்ப்பு. ஆசாரியனையும் லேவியனையும் அடுத்து மூன்றாவதாக ஒரு சாதாரண இஸ்ரவேலன் வருவான் என்று அவர்கள் எதிர்பார்த்திருக்கக்கூடும். ஆண்டவரோ வெறுக்கப்பட்ட அப்பெயரை இரக்கம் காட்டியவன்மீது வைத்தார். நம் வழக்கப்படி இவ்வுவமையை எழுதினால் வழிப்பறி செய்த கள்வனே சமாரியனாக இருப்பான். காப்பாற்றியவன் லேவியனாக இருப்பான்.

2. கசப்பு என்று அழைக்கப்படாதவள்

ரூத்தின் புத்தகத்தைப் பெயர்களின் புத்தகம் எனலாம். அது எந்த அளவிற்கு வரலாறு, எந்த அளவிற்குப் புனைவு என்னும் ஆராய்ச்சிக்குள் இங்குப் புக வேண்டுவதில்லை. கதைகூறும் கலையே நம் பொருள். இளமையில் மாண்ட மக்லோன், கிலியோன் என்னும் இருவரின் பெயர்களும் நோயையும் நலிவையும் குறிப்பனவாக விளக்கப்படுவதுண்டு. நகோமி என்னும் பெயர் இனிமையைக் குறிப்பது. கணவனையும் மக்களையும் இழந்து பெத்லெகேமுக்குத் திரும்பும் அவள், இனித் தன்னை நகோமி என்று அழைக்கவேண்டாம், கசப்பைக் குறிக்கும் மாராள் என்று அழையுங்கள் என ஊர்ப்பெண்களிடம் கூறுகிறாள் (1:20).

கதையாசிரியர் அவள் வேண்டுகோளை ஏற்கவில்லை. அதன்பின் நூல் முடியும்வரை அவளை நகோமி என்றே அழைக்கிறார். அவள் புலம்பலை மறைக்காமல் எழுதினார். அதன் கூர்மையைக் குறைக்கவும் இல்லை. எனினும் துயரத்தின் நடுவில் அவள் தனக்குத்தானே சூட்டிக்கொண்ட தீர்ப்பை அவளுடைய இறுதிப் பெயராக்க அவர் உடன்படவில்லை. துயருற்றோரைச் சந்திக்கும் ஆயர் எவரும் இவ்வாசிரியரிடம் கற்கவேண்டியது உண்டு.

அதே நூலின் நான்காம் அதிகாரத்தில், போவாசைவிட நெருங்கிய உறவினன் ஒருவன் வருகிறான். இறந்தவனின் பெயரை அவன் சுதந்தரத்தில் நிலைநிறுத்தும் கடமை அவனைச் சார்ந்தது. தன் சொத்துக்குக் கேடு வரும் என்று அஞ்சி அவன் விலகிக்கொள்கிறான். எபிரெய மூலத்தில் அவனுக்குப் பெயர் இல்லை. ‘இன்னான்’ என்று பொருள்படும் எதுகைத்தொடர் ஒன்றே உண்டு (4:1). பிறன் பெயரைக் காக்க மறுத்தவன் தன் பெயரை இழந்தான். இங்கும் ஆசிரியர் வசைச்சொல் ஒன்றும் வழங்கவில்லை என்பது நினைவிற்கொள்ளத்தக்கது.

திருமறையில் பெயரே தீர்ப்பாக அமையும் இடங்கள் இல்லையோ எனின், உண்டு. நாபால் என்னும் பெயருக்கு மூடன் என்பது பொருள். பெயருக்கேற்றவன் என்று அவன் மனைவி அபிகாயிலே கூறுகிறாள் (1 சாமுவேல் 25:25). ஆனால் அச்சொல் அவன் செயலைக் கண்ட பின்னர், ஒரு வீட்டாரைச் சாவினின்று காக்கும்பொருட்டு மனைவி சொன்ன சொல். ஓசியா தன் மக்களுக்கு இரக்கம் பெறாதவள் என்றும் என் மக்களல்ல என்றும் பொருள்படும் பெயர்களைச் சூட்டினார்; அப்பெயர்கள் அந்நூலிலேயே மாற்றப்படுகின்றன. தண்டிக்கும் பெயர் திருமறையில் இறுதிச் சொல்லாக நிற்பதில்லை.

3. பனியனின் பயணிகள்

பெயரால் குணத்தைக் கூறும் கலையில் ஜான் பனியனுக்கு நிகரானவர் அரியர். 1678-இல் முதற்பகுதியாகவும் 1684-இல் இரண்டாம் பகுதியாகவும் வெளிவந்த அவருடைய நூல் ‘மோட்சப் பிரயாணம்’ என்ற பெயரில் நம் இல்லங்களில் வழங்குகிறது. எச். ஏ. கிருஷ்ணபிள்ளை அதனைத் தழுவி இரட்சணிய யாத்திரிகம் என்னும் காப்பியத்தை 1894-இல் வெளியிட்டார். நம் சிறுகதையாசிரியர் பலர் தம் வழக்கத்திற்குப் பனியனையே முன்மாதிரியாகக் காட்டுவர். தலைமகன் பெயரே ‘கிறிஸ்தவன்’ என்பதாயின், நல்லவனுக்கு நற்பெயரும் தீயவனுக்குத் தீப்பெயரும் சூட்டுவதில் பிழை என்ன என்பது அவர்கள் கேள்வி.

நூலை ஊன்றிப் படிப்போர்க்கு விடை கிடைக்கும். முதலாவது, தலைமகன் அப்பெயரோடு பிறந்தவனல்லன். அழகிய அரண்மனையின் வாயிற்காவலனிடம், தன் முந்திய பெயர் ‘அருளிலான்’ என்று பொருள்படுவது என அவனே கூறுகிறான். இரண்டாவது, சுயலாபத்தையே நாடும் ஒருவன் வழியில் எதிர்ப்படுகிறான். அப்பெயரைக் கூறி, நீ அவன்தானா என்று கேட்டபோது, அது தன் பெயரன்று, தன்னை வெறுப்போர் சூட்டிய பட்டப்பெயர் என்று அவன் மறுக்கிறான். அம்மறுப்பிலும் அதற்கு அவன் கூறும் நயமான விளக்கத்திலுமே அவன் யாரென்று நாம் அறிகிறோம். பெயர் கூறியதைப் பனியன் பேச்சினால் மெய்ப்பிக்கிறார். மூன்றாவது, இரண்டாம் பகுதியில் வரும் முதியவர் ஒருவரை ‘நேர்மை’ என்று அழைத்தபோது அவர் நாணுகிறார். நேர்மை என்னும் பண்பே தாமல்லர் என்றும், தம் பெயருக்குத் தம் இயல்பு ஒத்திருக்கவேண்டும் என்பதே தம் விருப்பம் என்றும் விளக்குகிறார். பெயருக்கும் மனிதனுக்கும் இடையே உள்ள தொலைவை அறிந்தவர் அவர்.

இவை அனைத்தினும் சிறந்தது நலிந்தோரைப் பனியன் நடத்தும் முறை. அச்சத்தையே பெயராகக் கொண்ட ஒருவர் வழிநெடுகிலும் நடுங்குகிறார். ஆனால் அவர் கடக்கும் நாளில் ஆற்றின் நீர் என்றுமில்லாத அளவு குறைந்திருக்கிறது. நொண்டி நடப்பவர் என்னும் பெயருடையவர் ஆற்றங்கரையில் தம் ஊன்றுகோல்களை விட்டுச் செல்கிறார். பேரச்சம் என்னும் பெயருடைய மகள் பாடிக்கொண்டே நீரைக் கடக்கிறாள். பெயர் அவர்களுடைய நோயைக் கூறியது, முடிவைக் கூறவில்லை. மேலும், பனியனின் பெயர்கள் எந்த இனத்தையும் சாதியையும் சுட்டுவன அல்ல. ஒவ்வொரு வாசகனும் தன்னுள் காணும் குணங்களின் பெயர்கள் அவை. பிடிவாதம் என்னும் பெயரைக் கேட்டுத் தன் அயலானை மட்டும் நினைப்பவன் நூலைப் படித்தவனல்லன். மாடசாமி என்னும் பெயரைக் கேட்பவனோ தன்னை நினைப்பதேயில்லை. தெருக்கோடியில் இருப்பவனையே நினைக்கிறான். பனியனைச் சான்றுகாட்டுவோர் இவ்வேறுபாட்டைக் கவனித்தல் வேண்டும்.

4. நம் மொழியிலிருந்து சில சான்றுகள்

தமிழின் முதல் நாவலாகிய பிரதாப முதலியார் சரித்திரத்தை (1879) எழுதிய மாயூரம் வேதநாயகம் பிள்ளை கத்தோலிக்கக் கிறிஸ்தவர். அந்நூலின் அறிவும் அறமும் மிக்க தலைவி ஞானாம்பாள். ஆணுடையில் ஒரு நாட்டை ஆளும் அளவிற்கு ஆற்றலுடையவள். தாம் படைத்த மிகச் சிறந்த மாந்தர்க்குத் தம் சமயத்துப் பெயரைச் சூட்டவேண்டும் என்று அவ்வாசிரியர் கருதவில்லை. கிருபாபாய் சத்தியநாதன் ஆங்கிலத்தில் எழுதிய சகுணா என்னும் நாவல் கிறிஸ்தவ வாழ்க்கையைப்பற்றியது. அதன் தலைவி பெயர் நற்குணத்தைக் குறிக்கும் நம் நாட்டுப் பெயர்.

ஹெப்சிபா ஜேசுதாசனின் புத்தம் வீடு (1964) நம் கவனத்திற்கு மிகவும் உரியது. தென்கோடிப் பனைவிளைகளில் வாழ்ந்த கிறிஸ்தவக் குடும்பத்தின் கதை அது. தலைவி லிஸி, அவள் விரும்பும் தங்கராஜ் பனையேறியின் மகன். இரு பெயர்களையும் அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள். எலிசபெத்தின் செல்லச் சுருக்கமாகிய ஒன்றில் வீட்டுப் பெருமையும் மிஷனரிகள் காலத்து நாகரிகமும் ஒலிக்கின்றன. மற்றொன்றில் எளிய தகப்பனின் ஆசை ஒலிக்கிறது. இருவர்க்கும் இடையே உள்ள மதிற்சுவர் இவ்விரு பெயர்களிலேயே தெரிகிறது. ஆனால் எப்பெயரும் அதனை உடையவரின் நன்மை தீமையை முன்கூட்டிச் சொல்லவில்லை. பெயர்கள் உண்மையான சாட்சியம் அளிக்கின்றன. தீர்ப்போ கதையின் இறுதிவரை காத்திருக்கிறது.

திருச்சபைக்கு வெளியே உள்ளோரும் நமக்குப் பாடம் கற்பிக்கின்றனர். ஜெயகாந்தனின் ‘ஒரு மனிதன் ஒரு வீடு ஒரு உலகம்’ என்னும் நாவலின் நாயகன் ஹென்றி. அவன் சபாபதிப் பிள்ளையின் வளர்ப்பு மகன். பெயரைக் கேட்டு ஒரு வகைக்குள் அவனை அடைத்துவிட முயல்வோர்க்கு அவன் அகப்படுவதில்லை. சுந்தர ராமசாமி 1981-இல் வெளியிட்ட நாவலில், தாம் படைத்த அறிவுத்தாகம் மிக்க எழுத்தாளனுக்கு ஜோசப் ஜேம்ஸ் என்று பெயரிட்டார். இவ்விருவரும் கிறிஸ்தவப் பெயருடைய மாந்தனை ஏளனத்திற்கோ வில்லத்தனத்திற்கோ பயன்படுத்தவில்லை. அவர்கள் நமக்குக் காட்டிய இந்நேர்மையை நாம் அவர்களுக்குக் காட்டியுள்ளோமா?

5. சில மறுப்புகள்

முதல் மறுப்பு: சிறுகதையிலும் அருளுரையிலும் இடம் குறைவு, பெயரைக் கேட்டவுடன் ஆளை அறிந்துகொள்ள வழி செய்தல் வேண்டும் என்பர். நல்ல சமாரியன் உவமையைச் சில மணித்துளிகளில் வாசித்து முடிக்கலாம். அவ்வளவு சிறிய இடத்தில் கேட்போரின் எண்ணத்தைக் கவிழ்க்க ஆண்டவரால் முடிந்தது. இடக்குறை தடையன்று; உழைப்புக்குறையே தடை.

இரண்டாம் மறுப்பு: நற்செய்தியை அறியாதோர்க்கு அப்பெயர்கள்தாமே உள்ளன, உள்ளதைத்தானே எழுதுகிறோம் என்பர். உள்ளதை எழுதுவதாயின் முழுமையாக எழுதுக. வரதட்சணைக்காக மருமகளை வருத்துவோர், சபைத் தேர்தலில் பணம் கொடுப்போர், கல்லறைத் தோட்டத்திலும் சாதிச்சுவர் எழுப்புவோர் ஆகியோரின் பெயர்கள் நம் திருமுழுக்குப் பதிவேட்டில் உள்ளன; ஏசாயாவும் யோனத்தானும் அவற்றுள் உண்டு.

மூன்றாம் மறுப்பு நுட்பமானது. பழைய பெயர் பாவ வாழ்வைக் குறிக்கிறது, புதுப்பெயர் புதுவாழ்வைக் குறிக்கிறது, ஆகவே மாடசாமி மோசே ஆவதே இறையியல் என்பர். ஆதித் திருச்சபை அவ்வாறு கருதியதாகத் தெரியவில்லை. ரோமருக்கு எழுதிய திருமுகத்தின் 16-ஆம் அதிகாரத்தில் பவுல் வாழ்த்துக் கூறுவோருள் எர்மே என்பவர் உண்டு. அது கிரேக்கத் தேவன் ஒருவனின் பெயரே. பெபேயாளின் பெயரும் கிரேக்கத் தொன்மத்திலிருந்து வந்ததே. அவர் கெங்கிரேயா சபையின் ஊழியக்காரி. எப்பாப்பிரோதீத்துவின் பெயரில் அப்ரோதித்தே இருக்கிறாள். அப்பொல்லோவின் பெயரில் அப்பொல்லோன் இருக்கிறான். இவர்கள் பெயரை மாற்றுமாறு பவுல் எங்கும் பணிக்கவில்லை. ஒநேசிமு என்பது பயனுள்ளவன் எனப் பொருள்படும், அடிமைகளுக்கு வழங்கிய பெயர். முன்பு பயனற்றவனாய் இருந்தவன் இப்போது பயனுள்ளவன் என்று பவுல் அதனைக்கொண்டே எழுதுகிறார் (பிலேமோன் 11). பெயர் மாறவில்லை, அதனைத் தாங்கியவனின் நிலை மாறியது.

நம் நாட்டிலேயே சான்று தேடுவோர் வெகுதூரம் செல்லவேண்டியதில்லை. 1858-இல் திருமுழுக்குப் பெற்றபோது ஹென்றி ஆல்பிரட் என்னும் பெயர்கள் சேர்ந்தும், கிருஷ்ணபிள்ளை கிருஷ்ணபிள்ளையாகவே வாழ்ந்தார். இரட்சணிய யாத்திரிகத்தின் ஆசிரியரை நம் சிறுகதையொன்றில் மாந்தராக வைத்தால், பெயரை மட்டும் கண்டு அவரை மனந்திரும்பாதவர் வரிசையில் அல்லவா நிறுத்துவோம்!

ஒரு எச்சரிக்கையும் தேவை. இவ்விடர்களுக்கு அஞ்சி எல்லா மாந்தர்க்கும் ரமேஷ், சுரேஷ் என்று ஊரும் குலமும் புலப்படாத பெயர்களைச் சூட்டிவிடுவோரும் உளர். அது நேர்மையன்று, தப்பித்தல். சாதி உள்ள ஊரில் சாதி தெரியாத பெயர்களால் மட்டும் கதை நடத்துவது, வாசலில் கிடப்பவனைத் திரைபோட்டு மறைப்பதற்கு ஒப்பாகும். அவ்வாறே, நல்லவர் தீயவர் இடங்களை வெறுமனே மாற்றி, ஆயர் எல்லாரும் வஞ்சகர் என்று காட்டுவதும் தீர்வாகாது. அதுவும் பெயரைக் கண்டு தீர்ப்பிடுவதே.

6. முடிவுரை

இது எழுத்தாளர்க்கு மட்டும் உரிய செய்தியன்று. ஞாயிறுதோறும் பிரசங்கபீடத்திலிருந்து கற்பனைக் கதைகளைக் கூறுவோர் நாம். நம்முன் அமர்ந்திருப்போருள் மாடசாமியின் மகள் உண்டு. முனியம்மாவின் பேரன் உண்டு. தன் தகப்பன் பெயரையும் பாட்டியின் பெயரையும் குடிகாரனுக்கும் அறிவற்றவளுக்கும் ஆலயத்தில் வழங்கக் கேட்கும் பிள்ளை, தன் குடும்பத்தைப்பற்றி நாணுவதற்குக் கற்றுக்கொள்கிறது. மற்றப் பிள்ளைகளோ தம் பெயரே தம்மைக் காக்கும் என்று கற்றுக்கொள்கின்றனர். இவ்விரு பாடங்களும் நற்செய்தியல்ல. அயலானுக்கு எதிரான பொய்ச்சான்றைத் தடைசெய்யும் கட்டளை, வழக்குமன்றத்தில் உரைக்கும் சொல்லுக்கு மட்டும் உரியதன்று. கற்பனையில் அயலானுக்கு நாம் சூட்டும் பெயருக்கும் உரியது.

ஆகவே கதை எழுதுவோரும் கூறுவோரும் பெயரிடும் வேளையில் மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்வது நலம். இப்பெயருடைய அயலான் ஒருவன் முன்னிருக்கையில் அமர்ந்திருந்தால் இக்கதையை இவ்வாறே சொல்வேனா? நல்லவனின் பெயரையும் தீயவனின் பெயரையும் இடம் மாற்றினால் கதை நிற்குமா, அன்றி விழுமா? விழுமாயின் அக்கதை மாந்தரின் செயலால் நிற்கவில்லை. நம் முற்சாய்வால் நிற்கிறது. மூன்றாவதாக, நம் கதையில் பெயரின்றி வந்துபோகும் வேலைக்காரிக்கும் வண்டியோட்டிக்கும் பிச்சைக்காரனுக்கும் ஏன் பெயர் இல்லை?

நல்ல மேய்ப்பர் தம் ஆடுகளைப் பெயர் சொல்லி அழைப்பதாக யோவான் 10-ஆம் அதிகாரம் கூறுகிறது. அவர் அழைப்பது வெளியே நடத்திச் செல்வதற்காக. அடையாளமிட்டு அடைத்துவைப்பதற்காக அன்று. இவ்வாண்டு கிறிஸ்து பிறப்பு விழாவிற்கு நாடகம் எழுதும் இறையியல் மாணவர், தம் கைப்படியை ஒப்புவிக்குமுன் மாந்தர் பெயர்ப்பட்டியலை மட்டும் தனியே எழுதி, மேற்கூறிய கேள்விகளோடு ஒருமுறை படித்துப் பார்ப்பாராக. திருத்தம் தேவைப்படும் இடத்தை அப்பட்டியலே காட்டும்.